பன்றிக்கறிக்கு அன்னாசி மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் அன்னாசி சேர்த்த பன்றிக்கறிக் குறிப்புக்கு இடம் கொடுத்ததே பெரிய விஷயம். சிக்கன், மட்டனைத் தாண்டிப் பத்திரிகைகள் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆனால் அந்தக் குறிப்பில் இரண்டு இடங்கள் எனக்கு இடித்தன.

ஒன்று, பச்சை அன்னாசியை அரைத்துக் கறியில் பிசறி இரவு முழுக்க ஊறவிடச் சொன்னது. அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கிற புரோமலைன் இருக்கிறது. மட்டனுக்குப் பப்பாளிக்காய் செய்கிற அதே வேலை. கொஞ்ச நேரம் என்றால் சரி. விடியும்வரை விட்டால் கறி கொழகொழத்துப் போகும். சூட்டில் அந்த வேகம் அடங்கிவிடும், அதனால் பழத்தைக் கடைசியில் சட்டியில் சேர்ப்பதே மேல்.

இன்னொன்று, நடுவில் லேசாகச் சிவந்திருக்கும்போதே இறக்கலாம் என்பது. முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரி செல்சியஸும், இறக்கியபின் 3 நிமிடம் அப்படியே விடுவதும் போதும் என்று அமெரிக்க வேளாண் துறை 2011-இல் சொன்னது உண்மைதான். அது கறிக்குள் தெர்மாமீட்டர் செருகிப் பார்க்கிறவர்களுக்கு. நாடாப்புழு பயம் தீராத நம் ஊரில் முழுசாக வேகட்டும் ஐயா.

அப்புறம், குன்னூர்க்காரியான எனக்கு அன்னாசியைவிடப் பேரிக்காய்தான். சீசனில் இங்கே மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும். பழுத்தது வேண்டாம், கடித்தால் நறுக்கென்று இருக்கிற காய்தான் சட்டியில் கரையாமல் நிற்கும். அரைக் கிலோ கறியை விரல் கனத்துக்கு, கொழுப்போடு வெட்டி, உப்பும் இடித்த மிளகும் பூண்டும் தடவி, காய்ந்த இரும்புச் சட்டியில் கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். எண்ணெயே வேண்டாம். இருபுறமும் நன்றாகச் சிவந்ததும் வெங்காயம், அரை டம்ளர் தண்ணீர், மூடி. கறி வெந்தபின் தோலோடு நறுக்கிய இரண்டு பேரிக்காயைப் போட்டு, தண்ணீர் சுண்டிப் பழத்தின் ஓரம் பொன்னிறமாகும்வரை புரட்டினால் முடிந்தது. இறக்கும்போது அரை எலுமிச்சை. சோற்றைவிட ரொட்டிக்குத்தான் பொருத்தம்.

பழத்தோடு பன்றியா என்று முகம் சுளிப்பவர்கள் குடகுப் பக்கம் போய்வரட்டும். அங்கே பந்திக் கறி என்கிற பன்றிக்கறிக்குப் புளிப்புத் தருகிற கச்சம்புளி, பழச்சாற்றைக் கறுக்கக் காய்ச்சி எடுப்பதுதான்.

அடுத்த முறை குறிப்பு போடும்போது தொடைக்கறியா, வயிற்றுப் பகுதியா என்பதையும் எழுதுங்கள். கடையில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

– ஒரு வாசகி, குன்னூர்