2024–25 ஆண்டறிக்கை: நுழைவுத் தேர்வுப் பிள்ளைகளுக்கான சொல்வள வகுப்பு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் பின்னால் நிற்கும் பெற்றோருக்கும் வணக்கம். முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

பொங்கல் கோலப்போட்டி, கண் பரிசோதனை முகாம், சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது சனி, ஞாயிறு மாலைகளில் நம் கட்டடத்தில் நடந்த சொல்வள வகுப்பைப் பற்றி. இந்த ஆண்டு கமிட்டியில் அதிகச் சண்டை நடந்ததும் அதனால்தான்.

மதுரை அனுப்பானடி, வில்லாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் குறிவைப்பது உடுமலைக்கு அப்பால் அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியை, அதாவது பிள்ளைகளை ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தயார்படுத்தும் உறைவிடப் பள்ளியை. 6-ஆம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு மொத்தம் 300 மதிப்பெண். கணக்குக்கு 150, மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றுக்கும் தலா 50. இதைப் பார்த்தவுடன் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “ஐம்பது மார்க்குக்கு எதுக்குங்க தனி வகுப்பு? கணக்கைச் சொல்லிக் கொடுங்க” என்பதுதான். பொதுப்பிரிவுப் பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்திலும் 25 விழுக்காடு, மொத்தத்தில் 40 விழுக்காடு எடுத்தாக வேண்டும் என்பது ஒரு பதில். அதைவிடப் பெரிய பதில் மாதிரித் தேர்வில் கிடைத்தது. மாட்டுத்தாவணியில் பூ விற்கும் அம்மாவுக்கு நொடியில் கணக்குச் சொல்லும் பெண், லாப நட்டக் கணக்கைத் தொடாமலே விட்டிருந்தாள். அம்மா ‘முதல்’ என்று சொல்வதைத்தான் கேள்வித்தாள் ‘அடக்க விலை’ என்கிறது என்று சொன்னதும் போட்டு முடித்தாள். ‘முறையே’, ‘குறைந்தபட்சம்’, ‘அடுத்தடுத்த ஒற்றை எண்கள்’ என்று பிள்ளைகள் தடுக்கி விழுந்த இடங்களைச் சேர்த்துப் பார்த்தால், கணக்கில் போன மார்க்கில் பாதி சொல்லால் போனது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த சண்டை மொழி பற்றியது. 6-ஆம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனாலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் எழுத வைக்கப் பார்த்தவர்கள் உண்டு. முடிவு பெற்றோருடையது என்று கமிட்டி நாகரிகமாகத் தீர்மானம் போட்டது. என் கருத்தைக் கேட்டால், பத்து வயதுப் பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அதில் எழுதட்டும். 9-ஆம் வகுப்பில் சேர எழுதுகிறவர்களுக்குத்தான் அந்தத் தெரிவு இல்லை. அந்தத் தாள் முழுக்க ஆங்கிலம்.

ஒரு பயிற்சி மையம் விற்ற தடித்த சொல்பட்டியலைச் சில பெற்றோர் கொண்டுவந்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், “திண்ணைப் பள்ளியில நிகண்டையே ஒப்பிச்சாங்களே” என்று அவர்கள் பக்கம் நின்றார். நிகண்டு என்பது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல், தேவர் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று தொகுதி தொகுதியாக நிற்பது. பயிற்சி மையத்தின் பட்டியலிலோ ‘அபேண்டன்’ (கைவிடு), ‘அபண்டன்ட்’ (ஏராளமான) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் அகரவரிசையில் அருகருகே உட்கார்ந்து பிள்ளையைக் குழப்புகின்றன. ஐயாவின் பேச்சில் இருந்த நியாயத்தை எடுத்துக்கொண்டோம். சந்தை, பயணம், நோய், நீதிமன்றம் என்று சொற்களைத் தொகுத்தோம். மனப்பாடத்தை விட்டுவிட்டோம்.

சொல்லுக்கு ஓர் அட்டை. முன்புறம் சொல், பின்புறம் எதிர்ச்சொல்லும் பிள்ளையே எழுதிய வாக்கியமும். அட்டையை மறுநாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக் கேட்போம். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு பெட்டி. தவறினால் அட்டை மறுபடி, மறுநாள் கேட்கும் முதல் பெட்டிக்குப் போகும். பொருள் மட்டும் சொன்னால் கணக்கில்லை, வாக்கியம் வர வேண்டும். ‘அரிது’ என்பதற்கு ஒரு பையன் எழுதியது: “எங்கள் அப்பா சிரிப்பது அரிது.” அந்த அப்பாவும் இங்கே இருக்கிறார், இப்போது சிரிக்கிறார்.

ஆங்கிலத்துக்கு வேர்ச்சொல் வழி கைகொடுத்தது. ‘போர்ட்’ என்ற வேருக்குச் சுமப்பது என்று பொருள். மதுரை ஜங்ஷனில் பெட்டி சுமக்கும் போர்ட்டரைப் பார்த்த பிள்ளைக்கு இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றும் ஒரே மூச்சில் பிடிபட்டன. எதிர்ச்சொல் கேட்கும் இடத்தில் அவசரத்தில் ஒத்த சொல்லைக் குறிப்பது மட்டும் கடைசிவரை முழுதாக நிற்கவில்லை. கேள்வியில் ‘எதிர்ச்சொல்’ என்று வரும் இடத்துக்கு அடிக்கோடு போடப் பழக்கினோம். தவறான விடைக்கு மார்க் பிடிப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடாதீர்கள் என்றும் சொன்னோம்.

மாதம் ஒருமுறை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துச் சென்றோம். கதைப் புத்தகம் படிப்பது நேர விரயம் என்று புகார் வந்தது. புகாரைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம், நூலகப் பயணம் தொடரும்.

2024-இல் ஜனவரி 28 அன்று நடந்த தேர்வு இம்முறை 2025 ஏப்ரல் 5-க்குப் போனதால் கூடுதல் நாள் கிடைத்தது. எழுதியவர்களில் சிலர் தகுதி பெற்றார்கள். கலந்தாய்வும் மருத்துவப் பரிசோதனையும் தாண்டிச் சேர்ந்தது ஒரு பெண். பெண்களுக்கு அங்கே இடம் உண்டு என்பதே இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு சொல்லும் வேலையை மகளிர் குழு எடுத்துக்கொள்ளக் கோருகிறேன்.

9-ஆம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் எடுக்க ஞாயிறு மாலை வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். வகுப்பறையில் இரண்டாவது ஃபேன் வாங்கும் தீர்மானமும் இன்று ஓட்டுக்கு வருகிறது. அறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்