ரோமிங் டேட்டா: எச்சரிக்கை போதாது, நிறுத்தம் வேண்டும்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வெளிநாட்டுப் பயணத்தின்போது கைப்பேசி டேட்டாவுக்கு விதிக்கப்படும் ரோமிங் கட்டணம் குறித்தும், அக்கட்டணம் எல்லை மீறி ஏறும்போது அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது குறித்தும் இம்மடலை எழுதுகிறேன். தனிநபர் புகார்களை ஆணையம் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதை அறிவேன். ஆகவே என் பில்லைக் குறைத்துத் தரும்படி தங்களிடம் கேட்கவில்லை. அந்த வழக்கை நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். தங்களிடம் நான் வேண்டுவது விதிமாற்றம்.

மலேசியாவுக்குப் புறப்படும் முன்பே என் போஸ்ட்பெய்ட் எண்ணுக்கு ரோமிங் பேக் வாங்கி, அது செயல்பாட்டுக்கு வந்ததற்கான குறுஞ்செய்தியையும் பெற்றிருந்தேன். கோலாலம்பூரில் ஓர் இரவு கைப்பேசி, பேக்கில் சேராத இன்னொரு உள்ளூர் நெட்வொர்க்குக்குத் தானாக மாறியிருக்கிறது. படங்களின் காப்புப் பதிவும் செயலிகளின் புதுப்பிப்பும் பின்னணியில் ஓட, 520 எம்பி செலவாகியிருக்கிறது. எம்பிக்கு 100 ரூபாய் வீதம் 52,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 61,360 ரூபாய். அந்த எண்ணுக்கு நிறுவனமே நிர்ணயித்திருந்த கடன் வரம்பு 5,000 ரூபாய்தான். அதைத் தொட 50 எம்பி போதும். வரம்பை நெருங்கிவிட்டேன் என்று தெரிவிக்கும் குறுஞ்செய்தி மறுநாள் காலை வந்தது. மாடித்தொட்டி நிரம்பி வழிவதை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மோட்டாரை நிறுத்தாமல் விடிந்தபின் சேதி சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதற்கு நிறுவனம் தந்த முதல் விளக்கம், வெளிநாட்டு நெட்வொர்க்கின் பயன்பாட்டுக் கணக்கு தங்களுக்குத் தாமதமாகவே வந்து சேர்கிறது என்பது. அழைப்புகளைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. டேட்டாவுக்கு இது பொருந்தாது. வழக்கமான ரோமிங் முறையில், வெளிநாட்டில் இருக்கும் கைப்பேசியின் டேட்டா அந்நாட்டிலிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை. தாய்நாட்டு நிறுவனத்தின் நுழைவாயில் கணினிக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே செல்கிறது. கோலாலம்பூரில் இருந்துகொண்டு இந்திய சிம் வழியே இணையத்தைத் திறந்தால், நாம் இந்தியாவில் இருப்பதாகவே பல தளங்கள் கருதிக்கொள்வது இதனால்தான். நம் நிறுவனத்தின் கணினியைத் தாண்டித்தான் ஒவ்வொரு எம்பியும் போகிறது என்றால், அதை எண்ணவும் நிறுத்தவும் வெளிநாட்டிலிருந்து எந்தக் கணக்கும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்நாட்டில் அன்றாட டேட்டா தீர்ந்த கணமே வேகத்தைக் குறைக்கத் தெரிந்த அதே நிறுவனங்களுக்கு, பயணத்தில் மட்டும் கண் தெரியாமல் போவது எப்படி?

இரண்டாவது விளக்கம், நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தது என் கைப்பேசிதான் என்பது. இது பாதி உண்மை. வெளிநாட்டு நெட்வொர்க் ஒன்றில் கைப்பேசி பதிவாக வேண்டுமானால் தாய்நாட்டு நிறுவனத்தின் சந்தாதாரர் பதிவேடு அதற்கு இசைவு தர வேண்டும். தமக்கு லாபகரமான கூட்டாளி நெட்வொர்க்குகளின் பக்கம் வாடிக்கையாளரைத் திருப்பிவிடும் ஏற்பாடு, ரோமிங் தொழிலில் நெடுங்காலமாக இருந்துவருவது. தம் வணிகத்துக்காகப் பயன்படுத்தும் அந்தக் கருவியை, பேக் வாங்கியவரைப் பேக்குக்கு உள்ளேயே நிறுத்திவைக்கவும் பயன்படுத்தலாம். பேக்கின் நிபந்தனைகளில் கூட்டாளி நெட்வொர்க்குகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது என்கிறார்கள். உறக்கத்தில் இருக்கும் ஒருவர் அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது. வெளிநாடே போகாதவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அரிச்சல்முனையில் நிற்பவரின் கைப்பேசி இலங்கை அலைவரிசையைப் பிடிப்பது இராமேசுவரம் பக்கத்தில் புதுமையான செய்தி அல்ல.

டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்திருக்கலாமே என்று வாடிக்கையாளர் சேவை மையத்தில் சொன்னார்கள். அணைத்து வைப்பதற்காக யாரும் காசு கொடுத்து பேக் வாங்குவதில்லை.

எம்பிக்கு 100 ரூபாய் என்பது ஒரு ஜிபிக்கு 1,02,400 ரூபாய். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், நிறுவனங்கள் தமக்குள் வசூலித்துக்கொள்ளும் மொத்தவிலைக்கு 2025-ஆம் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு ஜிபிக்கு 1.30 யூரோ, நம் பணத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு உட்பட்டது. மலேசிய நிறுவனமும் அதே விலையில்தான் தருகிறது என்று நான் வாதிடவில்லை. ஆனால் என் புகாருக்குப் பதிலாக, நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைத் தள்ளுபடி செய்வதாக ஒரே தொலைபேசி அழைப்பில் முன்வந்தார்கள். அத்தனை எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடிய தொகை, அவர்கள் கையிலிருந்து செலவான தொகையாக இருக்க முடியுமா என்பதை ஆணையம் கேட்க வேண்டும். கேட்கும் அதிகாரம் தங்களுக்குத்தான் உண்டு.

இப்பொருள் ஆணையத்துக்குப் புதியதன்று. கடன் வரம்பில் 80 சதவீதத்தைத் தொட்டதும் போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005-லேயே தாங்கள் பணித்தீர்கள். டேட்டா பாதி தீர்ந்ததும், தீரும் தறுவாயிலும், முழுதும் தீர்ந்ததும் தகவல் தர வேண்டும் என்பதும், டேட்டா சேவையைத் தொடங்கவும் நிறுத்தவும் 1925 என்ற கட்டணமில்லா எண்ணும் 2015-இல் வந்தன. 2020 மே மாதம் சர்வதேச ரோமிங் குறித்து வெளியிட்ட கலந்தாய்வுத் தாளில், எதிர்பாராத பில்லால் வாடிக்கையாளர் அடையும் அதிர்ச்சியைத் தாங்களே விவாதித்திருக்கிறீர்கள். ஐரோப்பாவிலோ 2010 ஜூலை முதலே, வாடிக்கையாளர் வேறு வரம்பைக் கேட்டிராவிட்டால் 50 யூரோவில் ரோமிங் டேட்டா நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். 2012-இல் அந்தப் பாதுகாப்பு ஒன்றியத்துக்கு வெளியே பயணம் செய்வோருக்கும் நீட்டிக்கப்பட்டது. தகவல் தருவதோடு கடமை முடியவில்லை, துண்டிப்பதும் கடமை என்று அவர்கள் தீர்மானித்ததுதான் இதன் சாரம்.

அதே கடமையை இந்திய நிறுவனங்களுக்கும் விதிக்க வேண்டும். பேக் தீர்ந்தாலோ, பேக்கில் சேராத நெட்வொர்க்கையோ கப்பல், விமான நெட்வொர்க்கையோ கைப்பேசி பிடித்தாலோ, டேட்டா தானாக நிற்க வேண்டும்; கட்டண விகிதத்தைச் சொல்லும் செய்திக்கு வாடிக்கையாளர் சம்மதம் என்று பதில் அனுப்பிய பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். அவசர அழைப்பும் குறுஞ்செய்தியும் இதனால் தடைபடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படி நிறுத்தத் தவறிய நிறுவனம், கடன் வரம்புக்கு மேற்பட்ட தொகையைக் கேட்கும் உரிமையை இழக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி இல்லாமல் மற்றவை எழுதப்பட்டால், இன்னொரு குறுஞ்செய்திதான் கூடுதலாக வரும்.

புகார் நடைமுறையிலும் ஒரு திருத்தம் தேவை. 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி மேல்முறையீட்டைத் தீர்க்க 39 நாள் அவகாசம் உண்டு. பில்லின் கெடு அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. தாமதக் கட்டணமும் இணைப்புத் துண்டிப்பும் ஒருவரை வழிக்குக் கொண்டுவரப் போதுமானவை, ஏனெனில் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. தொலைத்தொடர்பு வழக்குகளையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பது ஆறுதல்தான். எனினும் எண்ணை இழந்த பிறகு அங்கே போய் நிற்க வேண்டிய நிலை கூடாது. மறுக்கப்பட்ட தொகை தீர்வாகும்வரை, எஞ்சிய மாதக் கட்டணத்தை மட்டும் பெற்றுக்கொண்டு இணைப்பைத் தொடர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இவற்றை உள்ளடக்கிய வரைவு ஒழுங்குமுறையைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுமாறும், ரோமிங் டேட்டாவை உடனுக்குடன் எண்ண இயலாது என்று கூறும் நிறுவனம் எதுவாயினும் அதன் தொழில்நுட்பக் காரணத்தை எழுத்துமூலம் பெற்று வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போஸ்ட்பெய்ட் வாடிக்கையாளர் ஒருவர்