சத்தம் மட்டுமே அச்சம் தருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுக் கருவிகளில் உருவாகும் இருண்ட இசையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, ‘இண்டஸ்ட்ரியல்’ இசையை விரும்புவோர் மனக்கசப்பையே சுவையாக்கிக் கொண்டவர்கள் என்றும், அதன் ஈர்ப்பெல்லாம் காதைக் கிழிக்கும் சத்தத்தில்தான் இருக்கிறது என்றும் கூறியது. பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவருபவன் என்ற முறையில், முதல் கருத்தோடு நான் வழக்காட விரும்பவில்லை. இரண்டாவது கருத்து தவறு.

‘இண்டஸ்ட்ரியல்’ என்ற பெயர் பரவியதே 1976 இல் லண்டனில் த்ராபிங் கிரிசில் என்ற இசைக்குழுவினர் தொடங்கிய ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்ற வெளியீட்டு நிறுவனத்தால்தான். அந்நகரின் ஹாக்னி பகுதியில் இருந்த தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ‘மரணத் தொழிற்சாலை’ என்று அவர்கள் பெயரிட்டது இன்று எனக்குச் சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. ஆனால் அங்கே அவர்கள் செய்த வேலை அப்படிப்பட்டதல்ல.

1978 இல் வெளிவந்த அவர்களது இசைத்தட்டில் உள்ள ஒரு பாடலில், தீக்காயங்களால் உருக்குலைந்து மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண்ணின் நிலையை விவரிக்கும் கடிதத்தை ஒரு குரல் வாசிக்கிறது. அதில் அலறல் இல்லை. வேகத் தாளமும் இல்லை. குரலைக் கருவிகளின் வழியே செலுத்திச் சிதைத்திருப்பதால் சொற்கள் பாதிதான் விளங்குகின்றன; அடியில் ஒரு முனகல் எழுந்து தாழ்ந்துகொண்டே இருக்கிறது. விளங்காததை விளங்கிக்கொள்ளத் துடிக்கும் காது தானாகவே முன்னே சென்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்குகிறது. பொறுக்கிய பிறகுதான் எதைக் கையில் எடுத்திருக்கிறோம் என்பது தெரிகிறது. அந்த அச்சத்தை யாரும் நம்மீது எறியவில்லை, நாமே தேடிச் சென்று எடுத்துக்கொண்டோம் என்பதே அதன் வலிமை. இத்தனைக்கும் ஒலியளவு மிகக் குறைவு.

இதற்குக் காதின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. நொடிக்கு 220 அதிர்வுள்ள ஒலியோடு 223 அதிர்வுள்ள ஒலியைச் சேர்த்தால், ஒலி நொடிக்கு 3 முறை வீங்கி அடங்குவதாகக் கேட்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நொடிக்கு 30 அதிர்வாகக் கூட்டினால், வீக்கங்களைத் தனித்தனியாக எண்ண முடியாமல் ஒருவிதச் சொரசொரப்பாக உணர்வோம். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863 இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். மற்ற இசைவகைகள் பெரும்பாலும் இந்த உரசலை ஓரிடத்தில் தீர்த்து நம்மை ஆற்றிவிடும். இங்கே அது தீராமல் நிற்க, காது காவல் காப்பதைப் போல விழித்தே இருக்கிறது. அந்த விழிப்பைத்தான் நாங்கள் விரும்புகிறோம் என்பது என் அனுபவம். அச்சத்தையும் இளிவரல் எனும் அருவருப்பையும் எட்டு மெய்ப்பாடுகளுள் (உணர்ச்சி வெளிப்பாடுகளுள்) வைத்து எண்ணிய தொல்காப்பியத்தைப் படித்தவர்களுக்கு, கலையில் இவற்றுக்கு இடமுண்டு என்பதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

உரத்த வகையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 1980 இல் மேற்கு பெர்லினில் தோன்றிய ஐன்ஸ்டுர்ட்செண்ட நொய்பவுட்டன் குழு, துளையிடும் கருவியையும் இரும்புத் துண்டுகளையும் மேடையேற்றியது. ஆனால் இரும்பின் அடி நம்மை உலுக்குவது, அதற்கு முன்னே ஒரு மௌனத்தை அவர்கள் நீட்டி வைத்திருப்பதால்தான். அதைப் பார்த்துப் பின்பற்றிய பலர் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு மௌனத்தை விட்டுவிட்டார்கள். கட்டுரையாளர் கேட்டுச் சலித்தது அத்தகைய நகல்களையாக இருக்கலாம். பிரிட்டிஷ் பாசிசக் கட்சியின் சின்னத்தை நினைவூட்டும் மின்னல் குறியை த்ராபிங் கிரிசில் பயன்படுத்தியதை அவர் கண்டித்திருந்தால், நான் இக்கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன். அந்தக் குறி எதற்கு என்ற கேள்விக்கு, ‘அதிர்ச்சியூட்டும் கலை’ என்ற விடை எனக்கும் போதவில்லை.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். மேலே நான் குறிப்பிட்ட 1978 ஆம் ஆண்டுப் பாடலை, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்கு ஒலியைத் தணித்து, இரவில் ஒருமுறை முழுமையாகக் கேட்டுவிட்டு அவர் மறுபடி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்