இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம்

அன்புள்ள சுதாவுக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் புகுந்து திட்டுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

காசிக்குக் கிளம்ப இருந்த எங்கள் ரிட்டயர்டு கோஷ்டியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். முதல் நாள் சாயங்காலம் பயணமே ரத்து. நானோ பாலை நிறுத்தி, பேப்பரை நிறுத்தி, ஃபிரிட்ஜையும் காலி செய்து துடைத்து வைத்திருந்தேன். கட்டின பெட்டியைப் பிரிக்கக் கை வரவில்லை. குரோம்பேட்டையில் தலைக்கு மேல் விமானம் போவது புதிதா என்ன? அன்றைக்கு மட்டும் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இதில் ஒன்றில் ஏறினால்தான் என்ன என்று தோன்றியது. கீழ் வீட்டுப் பையன் செல்போனை எடுத்துக்கொண்டு, "எங்கே ஆன்ட்டி?" என்றான். "கடல் இருக்கணும், பாஸ்போர்ட் கேட்கக் கூடாது" என்றேன்.

மறுநாள் காலை அந்தமானில், போர்ட் பிளேரில் இறங்கிவிட்டேன். இரண்டேகால் மணி நேரம்தான். 2024-ல் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் நான் பேசின எல்லோர் வாயிலும் போர்ட் பிளேர்தான். லாட்ஜில், "கூட யாரும்மா?" என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாவது தடவை, "பெட்டி" என்றேன்.

சிக்னல் இல்லை, அதனால்தான் கூப்பிடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு 2020-லேயே இணைத்துவிட்டார்களாம். சிக்னல் நன்றாகவே இருந்தது. சொல்லியிருந்தால் ஹோட்டல், கார், கைடு என்று புனேயிலிருந்தே எல்லாம் நீ ஏற்பாடு செய்திருப்பாய். அப்புறம் அது உன் பயணமாகிவிடும்.

அன்று மதியம் செல்லுலார் சிறைக்குப் போனேன். ஏழு கிளைகளாகக் கட்டி 1906-ல் முடித்த கட்டடம், இப்போது மூன்றுதான் மிச்சம். ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது. ஓர் அறைக்குள் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா போன பிறகு, "தனியா இருக்கீங்களே" என்று தெருவில் உச்சுக்கொட்டுகிறார்களே, அவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

அடுத்த நாள் ஹேவ்லாக் தீவு. இப்போது ஸ்வராஜ் தீவு. படகில் எனக்கு வாந்தி; பக்கத்தில் இருந்த புதுப்பெண்தான் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். ராதாநகர் கடற்கரையில் முதலை இருக்கிறதே என்று அப்புறம் போனில் நீ கத்தினாய். வாஸ்தவம். அதற்காகவே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், காவலுக்கும் ஆள் இருக்கிறது. பலகைப் பக்கமே நான் போகவில்லை. புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றேன், அவ்வளவுதான். மெரினாவில் அலை காலை வாரும். இங்கே கரையோரத்தில் அப்படியே கண்ணாடி மாதிரி, கால்விரல் நகம் தெரிகிறது. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. அவ்வளவு கிழக்கே தள்ளி இருந்தும் கடிகாரம் என்னவோ நம்முடையதுதான். தியாவுக்கு ஒரு சிப்பி பொறுக்கினேன். எடுத்துப் போகக் கூடாது, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்றார்கள். திரும்பப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காற்று. படகை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். பயந்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீ போன் செய்தபோது "வீட்டில்தான் இருக்கேன்" என்று சொன்னது அப்போதுதான். பின்னால் கேட்ட அலைச் சத்தத்தில் நீ கண்டுபிடித்துவிட்டாய்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போர்ட் பிளேர் திரும்பியதும் ஒரு டாக்சியில் மவுண்ட் ஹாரியட் போனேன். அதற்கும் பெயர் மாறிவிட்டது, மவுண்ட் மணிப்பூர். டிரைவர் தமிழர், தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். சாத்தமில் காரோடு படகில் ஏறி அக்கரை போய், மலைப்பாதையில் பாதியில் நிறுத்தினார். "பழைய சிவப்பு இருபது ரூபாய் இருந்தா எடுங்கம்மா" என்றார். என் பர்ஸில் இல்லாமல் இருக்குமா? பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னார். தென்னை மரங்கள், கடல், தூரத்தில் கலங்கரை விளக்கம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அதே கடல், அதே விளக்கு.

கோணார்க் சக்கரம் போட்ட நோட்டு போய் அந்தச் சிவப்பு நோட்டு வந்தது 2001-ல். ரிட்டயராகும் வரை கேஷ் கவுண்டரில் எத்தனை கட்டு எண்ணியிருப்பேன்! கட்டுக்கு நூறு. கிழிசலா, கள்ளநோட்டா என்று மட்டும் பார்த்தேன். அது எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அங்கேயே கொஞ்சம் அழுதுவிட்டேன். டிரைவர் பாவம், வெயிலுக்கு என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்த நோட்டை இதோடு வைத்திருக்கிறேன். தியாவிடம் கொடு, செலவு செய்யாமல் பார்த்துக்கொள். பால் நாளையிலிருந்து வருகிறது. கோஷ்டி காசிக்கு மறுபடியும் தேதி குறிக்கிறது. வருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

அம்மா