எங்கள் பிள்ளைகளின் கிறிஸ்துமஸுக்குத் துணை நின்ற உங்களுக்கு

அன்பான உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அரையாண்டு லீவு முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். உட்கார்ந்து எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. ஈரோடு, பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் வளர்ப்புக் குடும்பங்களாக இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, இந்த முறை பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். அதில் பாதிக்கு மேல் வேலை செய்தது நீங்கள்தான். நேரில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை.

இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் பெயரை எழுதினால், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வளர்கிறது என்பது இரண்டு நாளில் வெளியே வந்துவிடும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உங்களில் பலருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஒருவர்கூட செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கவில்லை. கேக் கொடுத்த பேக்கரிக்காரரிடம் தயங்கித் தயங்கி இதைச் சொல்லப் போனேன். நான் முடிப்பதற்குள், "படமெல்லாம் எதுக்குங்க, புள்ளைங்க நல்லாச் சாப்பிட்டாப் போதுமுங்க" என்றுவிட்டார். பேனர் இல்லை, மேடை இல்லை, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பொட்டலம் கொடுக்கவும் இல்லை. ஐயா, உங்களுக்கு என் முதல் நன்றி.

டிசம்பர் மாதம் எங்கள் வீடுகளில் லேசானதல்ல. எங்களிடம் இருப்பவர்கள் நாங்கள் தத்தெடுத்த பிள்ளைகள் அல்லர். பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழு எங்கள் வீட்டில் வளர அனுப்பியிருக்கிறது. சிலருக்கு அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சிலருக்கு அப்பா எங்கே என்றே தெரியாது. நாளைக்கு நிலைமை சரியானால் பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பிப் போகும், போக வேண்டும். அதனால் தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கும்போது இவர்களுக்குச் சந்தோஷமும் வரும், அம்மா ஞாபகமும் வரும். காலையில் குதிக்கிற பிள்ளை சாயங்காலம் காரணமில்லாமல் அடம் பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சேட்டையாகத் தெரியலாம். நீங்கள் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

நட்சத்திரம் செய்த நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். கடையில் வாங்கினால் ஐந்து நிமிட வேலை. ஓய்வுபெற்ற டீச்சரம்மா, நீங்கள்தான் அது வேண்டாம் என்று சொல்லி, மூங்கில் பட்டையும் வண்ணத்தாளும் மைதாப் பசையும் கொண்டுவந்தீர்கள். சென்னிமலையிலிருந்து வந்த தறிக்கார அண்ணன் பையில், போர்வை நெய்து மிஞ்சிய கலர் நூல் நிறைய இருந்தது. அதைக் குஞ்சமாகக் கட்டினோம். எங்கள் பையன் ஒருவன் பாதி ஒட்டியதும் சட்டென்று நட்சத்திரத்தைக் கிழித்துப் போட்டான். எனக்கு அடிவயிறு பிசைந்தது. டீச்சரம்மா குரலை உயர்த்தாமல், "கிழிஞ்சாக் கிழிஞ்சுட்டுப் போவுது கண்ணு, தாள் நெறைய இருக்குது, வேணுங்கிறப்ப வா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் பட்டை வளைக்கப் போய்விட்டார். அவன் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தானாகவே வந்து பசையைக் கையில் எடுத்தான். "ஏன் கிழிச்ச" என்று யாரும் கேட்காததால்தான் அவன் திரும்பி வந்தான். எத்தனையோ பயிற்சி வகுப்பில் கேட்டதை அன்று கண்ணால் பார்த்தேன் அம்மா.

வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குப் போனதற்கு நன்றி சொல்ல ஆள் அதிகம். கோயம்புத்தூரில் பெரிய மாலுக்குக் கூட்டிப்போகிறேன், செலவெல்லாம் என்னுடையது என்று ஒருவர் மனசாரக் கேட்டார். கூட்டமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள் என்று சொன்னோம். அவர் வருத்தப்படாமல் அதே பணத்தில் வேன் பிடித்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாததே பெரிய உதவி. வெள்ளோடு ஈரோட்டிலிருந்து பக்கம், பிள்ளைகளுக்கு வேனில் சலிப்புத் தட்டாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும். அங்கே மைக் கிடையாது, பாட்டு கிடையாது. மெதுவாகப் பேசுவதுதான் அங்கே வழக்கம் என்பதால் பேசாத பிள்ளையை யாரும் பேசச் சொல்லமாட்டார்கள்.

பறவை பார்க்கும் கல்லூரித் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் முதல் நாளே அந்த இடத்தின் படங்களை எனக்கு அனுப்பிவைத்தீர்கள். வேன் எங்கே நிற்கும், கழிவறை எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்புவோம், எப்போது வீட்டுக்கு வருவோம் என்று இரவே பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டேன். சொல்லாமல் வண்டியில் ஏற்றினால், "மறுபடியும் வேற வீட்டுக்கா?" என்ற பயம் அவர்களுக்கு வந்துவிடும். ஏற்கெனவே அப்படி ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். படம் பார்த்துவிட்டு வந்ததால் இறங்கியதுமே கரைக்கு ஓடினார்கள். கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், புள்ளிமூக்கு வாத்து என்று நீங்கள் காட்டக் காட்ட நோட்டில் எழுதிக்கொண்டார்கள். என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசும் சின்னவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், "அக்கா, அது மீனை வாய்ல வெச்சுட்டே பறக்குதுக்கா" என்று உங்களைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் உங்களைக் கூப்பிட்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இன்னொன்றும் அன்று நடந்தது. அண்ணன் ஒரு வீட்டிலும் தங்கை வேறொரு வீட்டிலும் வளரும் பிள்ளைகள் எங்களிடையே உண்டு. இந்தப் பயணத்தில் அவர்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டபோது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் இருப்பவர்களும் குழந்தைகள் நலக் குழுவினரும் தாமதமில்லாமல் அனுமதி கொடுத்தார்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கமும் நன்றியும். வேன் டிரைவர் அண்ணா, திரும்பி வரும்போது அந்த இரண்டு பேரும் தூங்கிவிட்டதைக் கண்ணாடியில் பார்த்து, நாங்கள் கேட்காமலே வண்டியை மெதுவாக ஓட்டினீர்கள்.

மதியச் சாப்பாடு அம்மாயி (எங்கள் பக்கம் பாட்டியை இப்படிக் கூப்பிடுவோம்) கைப்பக்குவம். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் தொட்டுக்கொள்ள அப்பளமும். விருந்து என்றால் பிரியாணிதான் என்று இருந்த பிள்ளைகள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். முன்பு பசியோடு வாழ்ந்த பிள்ளைகள் சிலர் சாப்பாட்டை டவுசர் பையிலும் தலையணைக்கு அடியிலும் ஒளித்து வைப்பார்கள், எவ்வளவு நாள் ஆனாலும். அம்மாயிக்கு நாங்கள் இதைச் சொல்லவே இல்லை. அவராகவே கச்சாயத்தையும் முறுக்கையும் மூடி போட்ட சின்ன டப்பாக்களில் போட்டு, "இது உன்ற டப்பா சாமி, எப்ப வேணாலும் தின்னுக்கோ, யாரும் கேக்கமாட்டாங்க" என்று ஒவ்வொரு கையிலும் கொடுத்தார். தலையணைக்கு அடியில் இருந்த ரொட்டித்துண்டு எங்கள் வீட்டில் இப்போது இல்லை. டப்பா அலமாரியில் இருக்கிறது, நான் நிரப்பி வைக்கிறேன். அம்மாயி, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட மாமா, தாடியோடு வாசலில் வந்து குதிக்கவில்லை. முதலில் வெறும் சட்டையில் வந்து பிள்ளைகளோடு டீ குடித்தார், அவர்கள் கண் முன்னாலேயே தாடியைக் கட்டினார், பயந்த பிள்ளையிடம் கழற்றியும் காட்டினார். முகம் தெரியாத பெரிய ஆண் திடீரென்று கிட்டே வந்தால் நடுங்கும் பிள்ளைகளும் அன்று சிரித்தார்கள். திருப்பூரிலிருந்து பனியன் அனுப்பியவரே, அளவும் பிடித்த நிறமும் முன்னாலேயே கேட்டீர்கள். எங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அனுப்பினீர்கள். எந்தப் பனியனிலும் நன்கொடையாளர் பெயர் அச்சடிக்கவில்லை. அதனால் பள்ளிக்கூட நண்பர்கள் வீட்டுக்கும் அவற்றைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

சாயங்காலம் பிரப் ரோட்டுக்கு வந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஈரோட்டில் ஊழியம் செய்த பிரப் பாதிரியார் பெயரில் நிற்கும் அந்தக் கருங்கல் ஆலயத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் எங்கள் பிள்ளைகளில் எல்லா மதத்தவரும் உண்டு. பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டு வளர்ந்ததோ அதை நாங்கள் மாற்றக் கூடாது. மாற்ற ஆசையும் இல்லை. கேரல் பாடிய இளைஞர்களே, யாரையும் உள்ளே வா என்று இழுக்காமல் வெளியிலேயே நின்று பாடினீர்கள். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக டிரம்மை மூட்டை கட்டிவிட்டுக் கிட்டார் மட்டும் வாசித்தீர்கள். அதே ரோட்டில் இருக்கும் பெரிய மாரியம்மன் கோயிலைப் பார்த்ததும் ஒருத்தி என் சேலையை இழுத்து, "எங்க அம்மாகூட இங்க வந்து கம்பத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கறேன்" என்றாள். திருவிழாவில் கோயிலில் நடும் கம்பத்தைச் சொன்னாள். அவள் தன் அம்மாவைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் பேச்சு அது. அம்மாயி அவளைக் கூட்டிப்போய்ச் சாமி கும்பிட வைத்துத் திருநீறோடு கொண்டுவந்தார். வந்து எங்களோடு நின்று அவளும் பாட்டுக் கேட்டாள்.

உங்களில் சிலர் "நாங்களும் ஒரு பிள்ளையை இப்படி வளர்க்க முடியுமா?" என்று தனியாகக் கேட்டீர்கள். முடியும். கலெக்டர் ஆபீசில் கேட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வழி சொல்வார்கள். வீட்டுக்கு வந்து விசாரித்து, போலீஸ் சரிபார்ப்பும் முடித்த பிறகு குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். பொதுவாக ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி 35 முதல் 60 வயது வரையுள்ள, திருமணமாகாத, துணையை இழந்த, பிரிந்து வாழும் தனி நபர்களும் விண்ணப்பிக்கலாம். தனி ஆணாக இருந்தால் ஆண் பிள்ளையைத்தான் கொடுப்பார்கள். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளையின் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. அந்தத் தொகையை நம்பி இறங்கிவிடாதீர்கள், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, உங்கள் சொந்தப் பிள்ளைகளின் சம்மதத்தையும் கேட்டுவிட்டு வாருங்கள். என்ன சந்தேகம் இருந்தாலும் என்னிடம் கேளுங்கள், ஒளிவில்லாமல் சொல்கிறேன். எங்கேனும் ஒரு குழந்தை கஷ்டத்தில் இருப்பது தெரிந்தால் 1098-க்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

கல்லூரித் தம்பிகளின் பைனாகுலர் ஒன்று எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. தறிக்கார அண்ணனின் நூல்பையும் இங்கேதான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள வரும்போது சாப்பிடுகிற நேரமாகப் பார்த்து வாருங்கள்.

நன்றியுடன்,
ஈரோடு வட்டாரத்திலிருந்து ஒரு வளர்ப்புத் தாய்