நூறு லிங்க்ஸ் நூறு அடி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நில ஆவணங்களைப் படிப்பது எப்படி என்று சென்ற இதழில் வெளியான கட்டுரையில், நிலம் அளக்கும் சங்கிலியான செயின் ஒன்று 100 அடி என்றும், ஆகவே புலப்படத்தில், அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தில் காணும் லிங்க்ஸ் (செயினின் கண்ணிகள்) எண்ணை அப்படியே அடியாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது. நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் வெயிலில் செயின் இழுத்து ஓய்வு பெற்றவன் நான். அச்சுப்பிழையாக இருக்கக்கூடாதா என்ற நப்பாசையில் அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிழை அச்சில் இல்லை.

100 அடிச் செயின் என்று ஒன்று உண்டு, அதை மறுக்கவில்லை. அது பொறியாளர்கள் பிடித்த செயின். அதற்கு 100 லிங்க், லிங்க் ஒன்றுக்கு ஓர் அடி. ஆனால் சென்னை மாகாண வருவாய்த் துறையின் புலப்படங்கள் கன்ட்டர் செயினைக் கொண்டு அளந்து வரையப்பட்டவை. அதற்கும் 100 லிங்க்தான் என்றாலும் மொத்த நீளம் 66 அடி, லிங்க் ஒன்று 7.92 அங்குலம். எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் 66 என்ற எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுக்கவில்லை. பத்துச் செயின் ஒரு ஃபர்லாங், எண்பது செயின் ஒரு மைல், பத்துச் சதுரச் செயின் ஓர் ஏக்கர் என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி அதை அமைத்தார். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்ஸில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் வந்துவிடும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் வரப்பில் உட்கார்ந்தபடியே நாங்கள் கணக்கை முடித்தது இப்படித்தான். தங்கள் கட்டுரையாளர் கிரிக்கெட்டாவது பார்ப்பவராக இருந்தால், 22 கெஜ ஆடுகளம் சரியாக ஒரு செயின் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இதெல்லாம் கிழவனின் ஏட்டுச் சண்டை என்று தாங்கள் நினைக்கக்கூடும். கட்டுரை வெளிவந்த நான்காம் நாள், எங்கள் ஊர் விவசாயி ஒருவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவருடைய தாத்தா காலத்துப் புலப்படத்தில் புன்செய் 250-க்கு 400 என்று இருக்கிறது. லிங்க்ஸ் கணக்கில் அது ஒரு லட்சம் சதுர லிங்க், அதாவது மிகச் சரியாக ஓர் ஏக்கர். பட்டாவிலும் 0.40.5, அதாவது 0.405 ஹெக்டேர் என்றே உள்ளது. தங்கள் கட்டுரைப்படி அவர் அதை அடியாக எடுத்துப் பெருக்கி, ஒரு லட்சம் சதுர அடி, எனவே 2 ஏக்கர் 29½ சென்ட் என்று கண்டுபிடித்து, மீதி ஓர் ஏக்கர் 29½ சென்ட்டைப் பங்காளி விழுங்கிவிட்டார் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். முப்பது வருடமாக ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்த இரண்டு குடும்பங்கள் இப்போது பேசிக்கொள்வதில்லை.

தங்கள் இதழில் அளவுகள் படும் பாடு புதிதன்று என்பது தங்களுக்கே தெரியும், ஏனெனில் இரண்டு அஞ்சலட்டைகள் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். 5 அடி 11 அங்குல உயரமுள்ள ஒரு வேகப்பந்து வீச்சாளரை 5.11 அடி என்று அச்சிட்டீர்கள். தசமக் கணக்கில் அது 5 அடி 1.32 அங்குலம்தான். ஏறக்குறைய பத்து அங்குலத்தை அவர் காலிலிருந்து வெட்டினீர்களா தலையிலிருந்தா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கெஜத்தை மீட்டர் என்று மாற்றிய மொழிபெயர்ப்பாளரே, ‘சுமார் நூறு மைல்’ என்ற இடத்தில் மட்டும் ‘சுமார் 160.934 கிலோமீட்டர்’ என்று எழுதினார். சுமாரில் இத்தனை துல்லியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்னொரு கட்டுரை, பழைய செயின் என்றாலே 20 மீட்டர் என்றது. 20 மீட்டர் என்பது பின்னால் வந்த மெட்ரிக் செயின். கன்ட்டர் செயின் 20.1168 மீட்டர். சிறு வித்தியாசம்தானே என்று விட்டால், ஒரு ஃபர்லாங் தூரத்தில் ஏறக்குறைய 1 மீட்டர் 17 சென்டிமீட்டர் காணாமல் போகும். எங்கள் பக்கத்தில் அதைவிடக் குறுகலான வரப்புக்காக அரிவாள் எடுத்திருக்கிறார்கள்.

மெட்ரிக் முறைக்கு 1956-இல் சட்டம் வந்துவிட்டது என்றும், இந்த லிங்க்ஸ், ஃபர்லாங் எல்லாம் அருங்காட்சியகச் சரக்கு என்றும் தங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். அப்படியானால் அதைப் பற்றிக் கட்டுரை எழுதாமலே இருந்திருக்கலாம். பட்டா ஹெக்டேரிலும், தாத்தாவின் படம் லிங்க்ஸிலும், வாங்க வருபவர் மனம் சதுர அடியிலும் இருக்கும் வரை இந்த மாற்றுக் கணக்கு உயிரோடுதான் இருக்கும்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. ‘வருவாய்த் துறையின் பழைய புலப்படத்தில் ஒரு லிங்க் என்பது 0.66 அடி’ என்று, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அடுத்த இதழில் வெளியிடுங்கள். அந்த விவசாயிக்கு முழுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், ‘பத்திரிகையிலேயே போட்டிருக்காங்களே, சார்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவர்,
திண்டுக்கல் மாவட்டம்