மரைன் இன்ஜினீயரிங்: பணம் கட்டுமுன் முதல் கப்பலைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து எங்கள் தூத்துக்குடியில் 'மரைன் இன்ஜினீயரிங் படித்தால் டாலரில் சம்பளம்' என்ற விளம்பரங்கள்தான் எங்கு பார்த்தாலும். கப்பல் எஞ்சின் ரூமில் வேலை பார்த்துத் தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பெற்றோரிடம் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

டாலர் சம்பளம் உண்மைதான். ஆனால் பி.டெக். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதை வாங்க முடியாது. பட்டம் முடித்த பையன் பயிற்சிப் பொறியாளராகக் கப்பலேறி, குறைந்தது ஆறு மாதம் கடலில் வேலை பார்க்க வேண்டும். அப்புறம்தான் கிளாஸ் ஃபோர் சான்றிதழ் கைக்கு வரும். நான்காம் பொறியாளர் வேலைக்கு அதுதான் தகுதி. எல்லாச் சிக்கலும் அந்த முதல் கப்பலில்தான். பயிற்சிக்கு ஆள் எடுக்கும் இடங்கள் குறைவு, படித்துவிட்டு நிற்கும் பையன்களோ அதிகம்.

போன மாதம் உப்பளத்தில் லாரி ஓட்டும் ஒருவர் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். பையனின் ஃபைலில் எல்லாமே இருந்தது: பட்டம், பாஸ்போர்ட், கடலோடிகளுக்கு அரசு தரும் சி.டி.சி. புத்தகம், தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள். கப்பல் மட்டும் கிடைக்கவில்லை. வருடத்துக்கு மூன்று லட்சம் கட்டிப் படித்த பையன். படிப்பு முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டதால் வங்கி தவணை கேட்கிறது. இது போதாதென்று, 'கப்பல் ஏற்றிவிடுகிறேன்' என்ற ஒரு ஏஜென்டிடம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்திருக்கிறார்கள். கடலோடிகளுக்கு வேலை வாங்கித் தருகிறவர்கள் கப்பல் துறை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் இருந்தாலும் வேலைக்காகப் பையனிடம் பணம் வாங்கக் கூடாது. இது சட்டம். அந்தத் தகப்பனிடம் இதை யாரும் சொல்லவில்லை.

அதனால் கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது ஸ்பான்சர்ஷிப் பற்றித்தான். சில கப்பல் கம்பெனிகள் தாங்களே தேர்வும் நேர்காணலும் வைத்து, படிப்பில் சேரும் முன்பே, பின்னால் தங்கள் கப்பலில் பயிற்சிக்கு எடுப்பதற்காகப் பையன்களைப் பொறுக்கிக்கொள்கின்றன. அப்படி ஒரு கம்பெனியின் கடிதம் கையில் இருந்து, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் (ஐ.எம்.யு.) நுழைவுத்தேர்விலும் தேறியிருந்தால் தைரியமாகச் சேருங்கள். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று வாய்வார்த்தை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடிதம் கிடைக்காத பையனுக்கு நான் சொல்லும் வழி வேறு. தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் மெக்கானிக்கல் எடுக்கட்டும். அது முடித்தவர்களுக்கு ஜி.எம்.இ. என்று மரைன் இன்ஜினீயரிங்கில் ஒரு வருடப் படிப்பு உண்டு. அதன் வழியாகவும் இதே கிளாஸ் ஃபோருக்குப் போகலாம். அதற்கும் சில லட்சம் ஆகும், அங்கேயும் கப்பல் தேட வேண்டியிருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கப்பல் கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் பட்டத்தோடு கரையில் பத்து இடத்தில் விண்ணப்பிக்கலாம். கடல் அனுபவமே இல்லாத மரைன் பட்டத்தைக் கரையில் பல கம்பெனிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தலைமைப் பொறியாளருக்கான கிளாஸ் ஒன் சான்றிதழ் வரை போனவனை அனல்மின் நிலையங்களே கூப்பிட்டுக்கொள்ளும் என்பது வேறு கதை.

சம்பளக் கணக்கையும் சரியாகப் போடுங்கள். பயிற்சிக் காலத்தில் மாதம் சில நூறு டாலர்தான். அதிகாரியான பிறகும் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். கப்பலை விட்டு இறங்கினால் சம்பளம் நின்றுவிடும். மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலையும் லேசில்லை. மெயின் எஞ்சினில் சிலிண்டர்களுக்குக் காற்று போகும் ஸ்கேவெஞ்ச் பகுதிக்குள் உடம்பைக் குறுக்கி நுழைந்து, ஸ்கிரேப்பரால் கரியும் எண்ணெயும் கலந்த பிசுக்கைச் சுரண்டி வாளியில் அள்ள வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், வெளியே வந்தால் கண் மட்டும்தான் தெரியும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எஞ்சினோடு மல்லுக்கட்டுவதில் ஆசையுள்ள பையனுக்கு இதைவிட நல்ல பிழைப்பு இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். வெள்ளைச் சீருடைப் படத்தைப் பார்த்து வருகிறவன் முதல் ஒப்பந்தத்திலேயே ஊர் திரும்பிவிடுவான்.

இன்னொன்று: பணம் கட்டுமுன், இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பையனின் கண்ணைச் சோதியுங்கள். நிறக்குருடு இருந்தால் இந்தத் தொழிலுக்கு வரவே முடியாது.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்ற எண்ணிக்கையையும் விளம்பரத்தில் போடுங்கள். அது இல்லாத விளம்பரங்களை உங்கள் நாளிதழும் ஏற்காதிருந்தால் பல குடும்பங்கள் பிழைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் தலைமைப் பொறியாளர்,
தூத்துக்குடி.